கனமில்லாத பெட்டி

சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அதை முதலில் சொன்ன ஆள் பார்சல் போட்டு நொந்தவனாகத்தான் இருக்க வேண்டும். ராயபுரத்தில் நான் இருமல் லேகியம் கிளறி வெளியூருக்குத் தபாலில் அனுப்பிப் பிழைத்த காலத்தில் அந்தப் பழமொழியை வாய்விட்டுச் சொல்லாத நாள் கிடையாது. லேகியத்துக்கு என்ன பெரிய செலவு? சுக்கு, திப்பிலி, மிளகு, கருப்பட்டி, கொஞ்சம் நெய். அதை வைக்கிற பெட்டிக்கும் அதன் மேல் ஒட்டுகிற தபால்தலைக்கும்தான் உயிர் போனது.

உயிர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. என் புருஷன் காசம் என்கிற நெஞ்சு நோயில் போன மறு வருஷமே என் மகளுக்கும் அதே இருமல் வந்தது. சாயங்காலமானால் அதே காய்ச்சல். அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் ஊர் டாக்டர் கையை விரித்துவிட்டார். மெட்ராசில் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, அதைப் போட்டால் பிழைப்பாள் என்று மாதா கோயிலில் ஒருவர் சொன்னார். கையில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் விற்று ரயிலேறிவிட்டேன். என் புருஷனின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், ராயபுரத்தில் சோப்பும் தீப்பெட்டியும் மொத்த வியாபாரம் செய்தார். அவருடைய கிடங்குக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறையைக் கொடுத்தார். கொடுத்ததை நாலு பேர் கூடியிருக்கும்போது ஞாபகப்படுத்தவும் செய்வார்.

ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தால் போடுவார்கள், தீர்ந்துவிட்டால் வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். பாதி நாள் தீர்ந்துதான் இருக்கும். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "நடுவுல விட்டுடாதே. விட்டா போட்டதும் வீண், அப்புறம் போடறதும் ஏறாது." விடக் கூடாது என்றால் கையில் காசு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தானிடம் கேட்டேன். வியாபாரம் மந்தம் என்றார். சரி, நமக்குத் தெரிந்தது அடுப்பும் கரண்டியும்தானே என்று லேகியச் சட்டியை ஏற்றினேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் இல்லாத இடம் ஏது? கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தார்கள், பம்பாய் தாராவியில் இருந்தார்கள், கரக்பூர் ரயில் பட்டறையில் இருந்தார்கள். சுரங்கத் தூசிக்கும் கரிப்புகைக்கும் இருமாத ஆள் உண்டா? ஒருவர் வாங்கி இன்னொருவருக்குச் சொல்ல, தபால் கார்டுகள் வரத் தொடங்கின. எல்லாம் வி.பி.பி.தான். தபால்காரர் கையில் பணத்தைக் கொடுத்தால் பார்சல் அவர்களுக்கு, பணம் எனக்கு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பார்சல் போன வழியே திரும்பி வரும், கூலி என் தலையில் விழும்.

என் லேகியம் சாதாரண இருமலுக்கானது. நெஞ்சு நோய்க்கு அது கேட்காது. கேட்கும் என்று ஒரு கார்டில்கூட நான் எழுதியதில்லை. மகளுக்குக் கரண்டியை வழித்து நக்கக் கொடுப்பேன், இனிப்புக்காக. ஊருக்கெல்லாம் இருமல் மருந்து அனுப்புகிறவள் வீட்டில் பாயில் படுத்து ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானே சிரித்திருக்கிறேன்.

லேகியத்தைப் பழைய கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்து, வைக்கோல் சுற்றி, சாக்கில் வைத்துத் தைத்து அனுப்பினேன். தபாலாபீசில் பார்சல் வாங்குகிற குமாஸ்தா ஒருநாள் திரும்பி வந்த மூட்டை ஒன்றை இரண்டு விரலால் தூக்கி என் முன்னால் வைத்தார். ஒழுகிக்கொண்டிருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

"ஏம்மா, இது பார்சலா, தேன்கூடா? மத்தவங்க சாமானெல்லாம் ஒட்டிக்கிடுச்சு."

"உங்க ஆளுக தூக்கி எறிஞ்சா உடையாம என்ன செய்யும்?"

"எறியத்தான் செய்வாங்க. பின்னே தொட்டில்ல போட்டா ஆட்டுவாங்க? மரப்பெட்டியில வை. மேல காடாத்துணி தச்சு அரக்கு வச்சுக் கொண்டா. இனிமே சாக்குல வந்தா வாங்க மாட்டேன்."

பெட்டி வேட்டை அன்றைக்குத் தொடங்கியது. வீட்டு வாசலிலேயே தொடங்கினேன். அத்தானின் கிடங்கில் காலி சோப்பு அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. அவற்றைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டு விற்பார். "ரெண்டு தாங்க அத்தான்" என்றேன். "கணக்கு இருக்கும்மா" என்றார். கடைசியில் பேப்பர்காரர் விலைக்கே எனக்கும் கொடுத்தார். நல்ல மனசு. கடற்காற்றின் ஈரத்தில் அட்டை நமத்துப் போய், பார்சலை மேசையில் வைத்ததும் குமாஸ்தாவின் கட்டைவிரல் உள்ளே இறங்கியது.

அடுத்தது டீப்பெட்டி, தேயிலை வருகிற மரப்பெட்டி. துறைமுகம் பக்கம் மலிவாகக் கிடைத்தது. அறுத்துச் சின்னதாக ஆக்கித் தரவும் ஆள் இருந்தது. ஆனால் தராசில் வைத்தால் முள் எகிறியது. தபாலாபீசுக்கு லேகியம், மரம் என்ற வித்தியாசம் தெரியுமா? எடைக்கு இவ்வளவு, அவ்வளவுதான். நான் மரத்துக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். தச்சரிடம் புதுப்பெட்டி கேட்டபோது அவர் சொன்ன விலைக்கு லேகியத்தை நாங்களே உட்கார்ந்து தின்றுவிடலாம்.

அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் தூக்கிப் பார்ப்பேன். கடையில் தகரடப்பாவைத் தூக்குவேன், தெருவில் கிடக்கும் பலகைத் துண்டைத் தூக்குவேன். சீக்கிரத்திலேயே என் கை தராசாகிவிட்டது. குமாஸ்தா எடைக்கல்லை எடுப்பதற்கு முன்னாலேயே எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அவர் முள்ளைப் பார்த்துவிட்டு, "உனக்குத் தராசே வேண்டாம்மா" என்பார். அவர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஊசி வாங்குகிற காசைப் பெட்டியும் எடையும் தின்றுகொண்டிருந்தன. ஒருநாள் மீன்கூடையோடு தெருவுக்கு வரும் அம்மாளிடம் புலம்பினேன். மலிவாகப் பெட்டி கிடைக்குமா என்று கேட்டேன்.

"பெட்டிதான? நம்ம பெட்டிக்காரராண்ட போ. காசிமேட்டுக்குப் போற வழில கீறாரு. நல்ல மன்சன், கஷ்டப்பட்டவங்கன்னா காசக் கண்டுக்க மாட்டாரு" என்றாள்.

மூன்று பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு அளவுக்காக எடுத்துப்போனேன். கடை என்று சொல்ல முடியாது, சுவரோரம் கூரை இறக்கிய ஒரு சாய்ப்பு. முன்னால் பலகைகள் சாத்தியிருந்தன. பின்னால் ஒரு சாக்குத் திரை தொங்கியது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பெட்டி வேணும்."

"அண்ணாச்சியா? நான் இன்னா பருப்பா நிறுத்துகினு கீறேன்?" என்று சிரித்தபடி நிமிர்ந்தவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "பெரிசா, சின்னதா?"

"சின்னதுதான்." கைகளை அகட்டிக் காட்டினேன்.

"அடப் பாவமே. எத்தினி மாசம்?"

தொழில் தொடங்கி எத்தனை மாதம் என்று கேட்கிறார் என நினைத்தேன். "மூணு மாசம்தான் ஆவுது" என்றேன்.

"கூட ஆம்பளைங்க யாரும் வர்லயா?"

"யாரு இருக்கா? எல்லாம் ஒத்தையிலதான் பாக்குதேன்."

"எப்ப எடுக்கிறாங்க?"

"நாலு மணிக்கு எடுத்துருவாவ. விட்டா நாளைக்குத்தான்."

"நாளைக்கெல்லாம் வச்சிருக்கக் கூடாதும்மா, வெயிலு கொளுத்துது. குந்து. தோ ஆச்சு."

தொழில் தெரிந்த மனுஷன், ஒரு வார்த்தையில் பிடித்துக்கொண்டாரே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெயிலில் லேகியம் இளகுவது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் வேலையில் இறங்கினார். பலகையை அறுத்தார், உள்பக்கத்தைத் தடவித் தடவி இழைத்தார். உள்ளே சிராய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. முடித்துக் கையில் கொடுத்தார். தூக்கினேன். பெட்டி கையில் இருப்பதே தெரியவில்லை.

"என்ன மரம் அண்ணாச்சி இது?"

"கப்பல்ல சாமான் வருதே, அந்தப் பெட்டிய ஹார்பர்ல உடைச்சிப் போடுவானுங்க. அந்த மரம். சின்னதுக்கு இதான் போடறது. பெத்தவன் ஒருத்தனே கைல ஏந்திகினு போவான் பாரு, கனம் இருக்கக் கூடாது."

பெத்தவன் எதற்குப் பார்சலை ஏந்த வேண்டும் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. விலை கேட்டேன்.

"இதுக்குக் காசு வாங்கறதில்ல."

"சும்மா வாங்குததுக்கு நான் வரல. விலையச் சொல்லுங்க."

"பால்குடிக்குக் காசு வாங்கி நான் எங்க கொண்டுபோயி வைக்கப் போறேன்? குந்தும்மா, துணி அடிச்சுக் குடுத்துடறேன்" என்று வெள்ளைத் துணியை எடுத்து உள்ளே வைத்து மடித்தார்.

"துணியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நான் உள்ள வைக்கோலப் போட்டு அடச்சிருவேன். பாட்டில் ஆடாம இருக்கணும்லா."

சுத்தியல் நின்றுவிட்டது. "இன்னா பாட்டிலு?"

மடியிலிருந்த பாட்டில்களை எடுத்துக் காட்டினேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சாக்குத் திரையைத் தூக்கினார். பின்னால் சுவரோரமாக வரிசையாக நின்றன. பெரிசு, நடுத்தரம், சின்னது. மூடி மேல் கறுப்புச் சிலுவை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விளங்காமல் போவாய், கட்டையில் போவாய் என்று வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீதானம்மா பெட்டி வேணும்ன. இந்தப் பக்கம் பெட்டின்னா இதான். கண்டுக்காத, உட்டுடு. உனக்குப் புள்ள குட்டி கீதா?"

"இல்ல. எனக்குப் பிள்ளையே கிடையாது."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கண் முன்னால் சின்னப் பெட்டிகள் வரிசையாக நிற்க, அந்த ஆளிடம் போய் என் பிள்ளை பாயில் படுத்திருக்கிறாள் என்று எந்தத் தாய் சொல்வாள்? அவர் காதில் அவள் இருப்பதே விழக் கூடாது. விழுந்தால் அவர் கண் அளவெடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப சரி" என்றார். பெருமூச்சு விட்டார்.

விறுவிறுவென்று தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே வந்த பிறகுதான் பெட்டியைக் கையோடு தூக்கி வந்திருப்பது தெரிந்தது. எறிந்துவிடலாம் என்று ஓங்கினேன். கை விடவில்லை. எடையைக் கை சொல்லிக்கொண்டே இருந்தது. டீப்பெட்டியில் பாதிகூட இல்லை. இந்த மரத்தில் அனுப்பினால் தபால் கூலியில் மிச்சம் பிடிக்கலாம், மிச்சத்தில் ஊசி வரும். மானமும் ரோஷமும் பார்த்தால் ஊசி வருமா? திரும்பி நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்து நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தேன். "இத்த வாங்க மாட்டேன். சின்னதுக்குன்னு அறுத்துட்டேன், அறுத்ததுதான்" என்றார். "அடுத்ததுக்குக் குடு." அதன் பிறகு விழுந்து கிடக்கும் துண்டுப் பலகையில் எனக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். தச்சர் கேட்டதில் நாலில் ஒரு பங்குக்கு ஒத்துக்கொண்டார். சிலுவைக்கு அடிக்கிற கறுப்புச் சாயம் என் பலகையில் படக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை.

அப்படியே நடந்தது. நான் போய் வாசலில் நின்று "பெட்டி வேணும்" என்பேன். அவர் தலை தூக்காமல், "எந்த ஊருக்கு?" என்பார். கிட்டத்து ஊர் என்றால் ஆணி குறைவு. பம்பாய், கரக்பூர் என்றால் மூலைக்கு மூலை ஒரு பட்டை கூட்டி அடிப்பார். மற்றவர்களிடம் வயதைக் கேட்கிற மனுஷன் என்னிடம் ஊரைக் கேட்டார். எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. நான் வேறு வரிசை, அந்த வரிசையில் நிற்கிறவள் இல்லை என்று.

குமாஸ்தா முதல் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு எடைக்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துக் குறைத்தார். "எங்கேம்மா பிடிச்சே இந்தப் பெட்டியை?" "தச்சர்ட்ட" என்றேன். பெட்டி உடையவில்லை. பார்சல் திரும்பவில்லை. பணம் வந்தது. மகளுக்கு ஊசி விடாமல் போட்டேன். அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பாயில் உட்கார்ந்தபடியே காடாத்துணியின் மேல் விலாசத்தைக் காப்பிங் பென்சிலால் எழுதித் தருவாள், என்னைவிட அவளுக்குக் கையெழுத்து நன்றாக வரும். பங்காரப்பேட்டை என்று எழுதிவிட்டு, "பங்காரம்னா தங்கமாமே, இந்த ஊர்ல தெருவுல கிடக்குமாம்மா?" என்று கேட்பாள். "கிடந்தா நாம ஏன் லேகியம் கிண்டுதோம்?" என்பேன். சாயங்காலக் காய்ச்சல் நின்ற நாளில் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதுவரை பட்டதற்கெல்லாம் சேர்த்து அழுதேன்.

அத்தானுக்கு விஷயம் எட்டிவிட்டது. கடையில் ஆள் நிற்கும்போதே என்னைக் கூப்பிட்டார்.

"சாவுப் பெட்டி செய்யுதவன்ட்ட பெட்டி வாங்கி அதுல மருந்து அனுப்புதியாமே? நாளைக்கு எவனாவது கேட்டா என் கடைப் பேருல்லா நாறும்? உடனே நிறுத்து."

"நிறுத்துதேன் அத்தான். ஊசிக்கு நீங்க தாங்க, இன்னைக்கே நிறுத்துதேன்."

அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வரவில்லை.

மழைக்காலம் வந்தது. சாக்கடைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றாகி, தெருவுக்குத் தெரு வாந்திபேதி. பெரியவர்கள் தாங்கினார்கள். பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. நான் பெட்டிக்குப் போனபோது சாய்ப்பில் உட்கார இடமில்லை. ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டிக்காரர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உனக்கு இப்ப பலகை கெடையாதும்மா. சின்னதா போய்க்கினே கீது. துண்டு மரத்தக்கூட ஒட்டுப்போட்டு அடிக்கிறேன்."

"எனக்கு ஆர்டர் நிக்கி அண்ணாச்சி. ரெண்டே ரெண்டு."

அவர் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். "நீயே சொல்லு, யாரை அப்பால வான்றது?" என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன பிள்ளைகள் மேல். என் பிள்ளையின் பலகையை இவர்கள் கொண்டுபோகிறார்களே என்று. ஈவிரக்கம் இல்லாத பேச்சுதான். என் நிலைமையில் நின்று பார்த்தவர்கள் மட்டும் என்னைத் திட்டட்டும்.

மறுபடியும் அட்டைப்பெட்டி, மறுபடியும் டீப்பெட்டி. அட்டையில் போனதெல்லாம் மழையில் ஊறி உடைந்தது. வாங்க வேண்டியவர்கள் ஒழுகுகிற பார்சலைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். டீப்பெட்டியில் போனது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, எனக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மாதம் பணத்துக்குப் பதிலாகப் பார்சல்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கூலி கட்டி மீட்டேன். பிரித்தால் கண்ணாடித் தூளும் லேகியமும். ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். வெளியே வாங்கக் கையில் இல்லை. அத்தானிடம் மறுபடியும் போய் நின்றேன். இந்தத் தடவை கொஞ்சம் கொடுத்தார். அது பாதிக்குத்தான் வந்தது.

ஊசி விட்டுப்போனது. எத்தனை ஊசி என்று கேட்காதீர்கள். மருந்து வந்து திரும்பப் போட ஆரம்பித்தபோது சாயங்காலக் காய்ச்சல் திரும்பியிருந்தது. இந்த முறை அது இறங்கவில்லை. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டதால்தான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாந்திபேதி அடங்கியது. பெட்டிக்காரரிடம் பலகை சேர்ந்தது. "வாம்மா, இப்ப எத்தினி வேணும்னாலும் அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லியனுப்பினார். போனேன், வாங்கினேன், அனுப்பினேன். பணம் பழையபடி வந்தது. ஊசியும் பழையபடி போட்டேன். மகள்தான் பழையபடி ஆகவில்லை. விலாசம் எழுத உட்கார முடியாமல் படுத்தபடி ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவாள். பிறகு அதையும் என்னிடம் தள்ளிவிட்டாள். "நீயே எழுதும்மா, எனக்குக் கை வலிக்கி" என்றாள்.

மாசி மாதம் ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்கவில்லையே என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

அத்தான் வந்தார், கதவோரம் நின்றார். "பெட்டிக்கு நான் ஏற்பாடு செய்யுதேன். நீ இரு" என்றார். "வேண்டாம். பெட்டி வாங்கி எனக்குத்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு நானே நடந்தேன். பொம்பளை போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். யார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன்.

"பெட்டி வேணும் அண்ணாச்சி."

அவர் திரும்பவில்லை. "எந்த ஊருக்கு?" என்றார்.

இழைப்புளி இரண்டு முறை போய் வந்தது. "எந்த ஊருக்குன்னேன்?" என்றபடி திரும்பினார். நான் கையை நீட்டி என் இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டினேன். இவ்வளவு உயரம் என்று. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யாரும்மா?"

"எம் மவ."

"உனக்குப் புள்ளையே இல்லன்னு சொன்னியேம்மா."

"இருந்தா" என்றேன்.

அவர் அப்படியே பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கட்டு கட்டாக இருந்த பலகையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதில் கனம் குறைந்ததாகப் பொறுக்கினார். உள்பக்கத்தைத் தடவித் தடவி இழைத்தார். எதற்கு அப்படி இழைக்கிறார் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். வெள்ளைத் துணி அடிக்கும்போது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசை நீட்டவும் இல்லை. அவர் வாங்க மாட்டார்.

காசிமேட்டுக் கல்லறைக்குப் புறப்பட்டபோது அத்தான் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். பெற்றவன்தான் ஏந்த வேண்டும், அவன் இல்லை, பெற்றவள் இருக்கிறேன், விடுங்கள் என்றேன். அவர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தின் கடைசியில் நின்ற பெட்டிக்காரர்தான், "குடுங்க, அந்தம்மா தூக்கட்டும்" என்றார்.

தூக்கினேன். பழகிய கை, சும்மா இருக்குமா? தன் பாட்டுக்கு எடை போட்டுவிட்டது. பெட்டி எவ்வளவு, உள்ளே இருப்பது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிற்று. எட்டு வயதுப் பிள்ளை இருக்க வேண்டிய எடை இல்லை அது. எவ்வளவு என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.